பாக்கி வைத்தவரின் செக்கை முழுத் தொகைக்குப் போடலாமா?

கேள்வி:
மளிகைச் சரக்குக்கு ஒருவர் 80,000 ரூபாய்க்குச் செக் கொடுத்தார். பிறகு 30,000 ஜிபேயில் வந்தது. மீதிக்கு இழுத்தடிக்கிறார், போனையும் எடுப்பதில்லை. "80,000-க்கே போட்டு மாட்டிவிடு" என்கிறார்கள் கூட இருப்பவர்கள். மனசு ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

பதில் 1:
அப்படிப் போடாதீங்க. வந்த பணத்தை மறைத்தால் பொய் உங்க பக்கம் வந்துவிடும், வழக்கும் நிற்காது. இடையில் வந்ததைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால், செக் திரும்பியதைக் குற்றமாக்கும் சட்டத்தின் 138-ஆம் பிரிவு பொருந்தாது என்று 2022-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செக்கிலேயே '30,000 வரவு, பாக்கி 50,000' என்று எழுதிப் போடலாம். பழையதைத் திருப்பிக் கொடுத்து 50,000-க்குப் புதுச் செக் வாங்க முடிந்தால் இன்னும் சுத்தம்.

பதில் 2:
தேதிதான் காலை வாரும். செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போடணும். பணமில்லாமல் திரும்பினால், ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதாக வங்கி தரும் சீட்டு) வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், ஒப்புகை கிடைக்கிற மாதிரி தபாலில். அது அவர் கைக்குப் போய் 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். நோட்டீஸில் செக் பாக்கியை மட்டும் தனியாகக் கேளுங்க. வட்டியையும் கலந்து ஒரே தொகையாக எழுதினால் நோட்டீஸே செல்லாது.

பதில் 3:
செக்கைப் போடுவதற்கு முன்னால் "30,000 வந்தது, பாக்கி 50,000" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. "அடுத்த வாரம் தர்றேன்" என்று அவர் பதில் போட்டாலே நல்ல சாட்சி. அவர் கடை வாசலில் போய்ச் சத்தம் போட வேண்டாம். பில், டெலிவரி சீட்டு பத்திரம்.