மீன்வலையா, கம்பிவலையா? வீட்டுப் பூனையைக் கொல்லைப்புறத்தில் விடுவது பற்றி

காவிரிக்கரை:
வாடகை வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், தம் இரண்டு பூனைகளைக் கொல்லைப்புறத்தில் காற்றாட விடுவதற்கு 3,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம் என்று நேற்றுக் கேட்டிருந்தார். அதற்கு நாகைக்கடல், "பழைய மீன்வலையை வாங்கி மதிலிலிருந்து தாழ்வாரம் வரை கட்டிவிடுங்கள், 900 ரூபாயில் வேலை முடிந்துவிடும், கம்பிவலை பணக்காரர்களின் வீண் செலவு" என்று பதில் எழுதினார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே யோசனையைக் கேட்டுக்கொண்டு வலை கட்டினேன். எங்கள் பூனை வெல்லம் அதில் ஏறும்போது பின்னங்கால் ஒரு கண்ணியில் மாட்டிக்கொண்டது. அது திமிறத் திமிற நூல் இறுகியிருக்கிறது. நாங்கள் வெளியூரிலிருந்து திரும்பி வருவதற்குள் காலில் இரத்த ஓட்டமே நின்றுபோயிருந்தது. அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. பழைய மீன்வலையைப் பூனை வளர்ப்பவர்களுக்குப் பரிந்துரைக்க எப்படி மனம் வருகிறது என்பதை அவர் விளக்கட்டும்.

நாகைக்கடல்:
சகோதரியின் பூனைக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தமே. ஆனால் மூன்று தலைமுறையாக வலை பின்னும் குடும்பத்தில் பிறந்தவன் நான். வலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மீன்வலை என்பது ஒரே பொருளன்று. நீங்கள் கட்டியது பெரும்பாலும் தங்கூஸ் வலையாக இருக்கும். அது மீனின் செவுளைப் பிடித்து இறுக்குவதற்கென்றே மெல்லிய ஒற்றை நரம்பில் செய்யப்படுவது. பூனையின் காலையும் அப்படித்தான் பிடிக்கும். நான் சொன்னது இழுவைமடி வலை. பல இழைகளை முறுக்கிய தடித்த பாலித்தீன் நூலில், ஒவ்வொரு கண்ணியும் முடிச்சிட்டு வருவது. எங்கள் வீட்டில் நான்கு பூனைகள் ஆறு ஆண்டுகளாக அதன் கீழேதான் உலவுகின்றன.

காவிரிக்கரை:
நேற்று நீங்கள் எழுதியது "பழைய மீன்வலை" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. இழுவைமடி என்ற சொல் அதில் இல்லை. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருப்பவர் கடைக்குப் போய் மீன்வலை என்று கேட்டால் அவர் கையில் தங்கூஸ் வலையைத்தான் கொடுப்பார்கள். பழையது என்பது அதைவிடப் பெரிய குற்றம். வெயில் பட்டுப் பட்டு நூல் நொறுங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் வலையைக் கழிக்கிறார்கள். கடலுக்கு உதவாத வலை பூனைக்கு எப்படி உதவும்?

மதில்மேல்:
இருவரும் எதற்காக இவ்வளவு சண்டை போடுகிறீர்கள்? எங்கள் ஊரில் பாட்டி காலத்திலிருந்து பூனைகள் ஓட்டின் மேலும் மதில் மேலும் தாமாகத்தான் திரிகின்றன. கூண்டுக்குள் அடைப்பதற்குப் பூனை என்ன கிளியா? கொல்லைக் கதவைத் திறந்து வையுங்கள். பசித்தால் தானே வந்துவிடும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

மருந்துப்பெட்டி:
கால்நடை மருந்தகத்தில் வேலை செய்கிறேன் என்பதால் சொல்கிறேன். தாமாகத் திரிந்த பூனைகளில் தெருநாய்க் கடியோடும், வண்டியில் அடிபட்டும் வருபவற்றைத்தான் நான் நாள்தோறும் பார்க்கிறேன். வராமலே போனவை கணக்கில் இல்லை. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022 ஜூலை 1 முதல், அந்த நாளிலோ அதற்குப் பின்போ பிறந்த பூனைகளை உரிமையாளரின் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வலையோ கம்பியோ, அதற்கு முன்பு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். கொல்லையில் அரளி, செங்காந்தள், லில்லி இருந்தால் முதலில் அவற்றை அகற்றுங்கள். லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

மதில்மேல்:
கான்பெராவின் சட்டம் கும்பகோணத்துக்கு எதற்கு? அங்கே அந்தச் சட்டம் உள்ளூர்ப் பறவைகளையும் சிறு விலங்குகளையும் காப்பாற்ற வந்தது. இங்கே எலி பிடிக்கத்தானே பூனையையே வளர்த்தோம்?

காவிரிக்கரை:
மதில்மேல் அவர்களே, சென்ற ஆண்டு பூனைக்கு உண்ணி வந்ததாக ஒருவர் கேட்டபோது நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தைத் தடவச் சொன்னவர் நீங்கள்தான். அது பூனைக்கு நஞ்சு என்று நான் சொன்ன பிறகும் அந்தப் பதிலை நீங்கள் நீக்கவில்லை. உங்களுடைய அறிவுரையை எடுத்துக்கொள்ள நான் அணியமாக இல்லை.

வலைக்கே வருகிறேன். 3,000 ரூபாயில் கொல்லை முழுவதையும் மூட வேண்டும் என்று நினைப்பதுதான் தவறு. சமையலறை ஜன்னலை ஒட்டி 6 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயரத்தில் ஓர் அறை போதும். ஒரு பக்கம் வீட்டுச் சுவர் என்பதால், முன்பக்கம் 36, இரு பக்கங்கள் 48, மேலே 24 என மொத்தம் 108 சதுர அடி கம்பிவலை தேவைப்படும். தரையில் ஓரடி வெளிப்புறமாக மடித்துச் செங்கல் அடுக்கினால் நாயோ பெருச்சாளியோ தோண்டி நுழையாது; அதற்கு இன்னும் 14 சதுர அடி. கம்பிவலையின் கண் ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பூனையின் தோளுக்கு முன்னுள்ள காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இணையாததால், தலை நுழையும் இடத்தில் உடலையும் நுழைத்துவிடும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதென்றால், பழைய பெயிண்ட் வாளிகளில் சிமெண்ட் கலவை ஊற்றிச் சவுக்குக் கம்புகளை நட்டுக் கட்டுக்கம்பியால் வலையைக் கட்டலாம். மெல்லிய கம்பிவலையாக எடுத்தால் பணம் அதற்குள் அடங்கும். நான் கட்டியது அப்படித்தான்.

நாகைக்கடல்:
அந்த 24 சதுர அடியில் பூனை என்ன செய்யும்? திரும்பிப் படுக்கும். எங்கள் கொல்லை 20 அடிக்கு 15 அடி. 300 சதுர அடிக் கூரையைக் கம்பிவலையில் போட்டால் அதன் எடையைத் தாங்க இரும்புச் சட்டம் வேண்டும். அந்தக் கணக்கையும் எழுதுங்கள். கடலோர உப்புக்காற்றில், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகப் பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்று தஞ்சாவூரில் இருப்பவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் போட்ட கம்பிவலை மூன்றே ஆண்டுகளில் துருவேறி முள்ளாக நிற்கிறது. அதில் கீறிக்கொள்ளும் பூனையைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லையா?

காவிரிக்கரை:
பழைய வலை என்று எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை. துருவைப் பற்றிப் பேசி அதை மறைக்க வேண்டாம். பாம்பைப் பற்றியும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழைக்காலத்தில் சாரைப்பாம்பு வலையில் தலையை விட்டுச் சிக்கிக்கொண்டு நாள்கணக்கில் கிடந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். சாரைக்குப் பதில் கண்ணாடிவிரியன் அப்படி உயிரோடு சிக்கிக் கிடந்து, துடிக்கிறதே என்று பூனை பாதத்தால் தட்டினால் என்ன ஆகும்?

மருந்துப்பெட்டி:
விரியன் கடித்த பூனையைக் காப்பாற்றுவது எளிதன்று. அந்தக் கேள்வி நியாயமானது. வலையை ஓரடி உயரத்துக்கு மேலே நிறுத்தி, கீழே தகடோ செங்கல் வரிசையோ வைத்தால் பாம்பு சிக்குவது குறையும்.

நாகைக்கடல்:
நான் மதில் மேல்தான் கட்டச் சொன்னேன். ஐந்தடி மதிலின் உச்சியிலிருந்து தாழ்வாரத்துக்குப் போகும் வலையில் பாம்பு எங்கிருந்து வந்து சிக்கும்? எழுதாததை எழுதியதாக வைத்துக்கொண்டு என்னோடு சண்டை போடுகிறீர்கள்.

காவிரிக்கரை:
சாரைப்பாம்பு மரமேறும், மதிலும் ஏறும். கொல்லையில் முருங்கை மரம் இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

வாடகைவீடு:
கேள்வி கேட்டவன் நான்தான். வீட்டுக்காரர் சவுக்குக் கம்பு நட ஒப்புக்கொண்டார். கூண்டு கட்டும் வரை கழுத்துப்பட்டையில் கயிறு கட்டிக் கொய்யா மரத்தடியில் ஒரு மணி நேரம் விடலாமா?

மருந்துப்பெட்டி:
கட்டிவிட்டு நகரவே கூடாது. மதில் தாண்டிக் குதித்தால் கழுத்தில் தொங்கிவிடும். மார்பையும் தோளையும் சுற்றும் பட்டையைப் போட்டு, கயிற்றின் மறுமுனையை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் வேண்டாம்; காலையில் ஏழு மணிக்கு முன்போ மாலையிலோ, நிழலும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் விடுங்கள்.

நாகைக்கடல்:
தம்பி, கம்பு நடுவதானால் 24 சதுர அடியோடு நிற்காதீர்கள். முகவரியைத் தனியாக அனுப்புங்கள், இழுவைமடி வலையை நானே அனுப்பிவைக்கிறேன், காசு வேண்டாம். எங்கள் வீட்டு வலையின் படத்தையும் நாளைக் காலையில் இங்கே போடுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

காவிரிக்கரை:
படம் யாருக்கும் வேண்டாம். தம்பிக்கு நீங்கள் அனுப்பப்போகும் அந்த வலை புதியதா, பழையதா? பழையதென்றால் எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தது? அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள்.