மேட்ரிஜெல்லில் குர்குமின் குழாயை நிறுத்துது, பெவாசிஸுமாப் நிறுத்தலை: தவறு எங்கே?

நாளம்23 (கேள்வி)

வேலை இதுதான்: கட்டி தனக்கென்று புது இரத்தக்குழாய் முளைக்க வைப்பதைக் குர்குமின் (மஞ்சளின் நிறப்பொருள்) தடுக்கிறதா என்று பார்ப்பது. தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர்ச் செல்களை (ஹூவெக்) மேட்ரிஜெல் என்ற புரத ஜெல் மேல் விட்டு, அவை வலை பின்னுவதை அளக்கிறேன். செட்டப்:

96 குழித் தட்டு. குழிக்கு 40 மைக்ரோலிட்டர் சாதா மேட்ரிஜெல், 37 டிகிரியில் 30 நிமிடம். குழிக்கு 30,000 செல், பாஸேஜ் 8 (எட்டாவது முறை பிரித்து வளர்த்தவை). மீடியம் முழு ஈஜிஎம்-2 (வளர்காரணிகள் கலந்த ஊட்டநீர்). 16 மணி நேரம் கழித்துக் கால்சீன் ஏஎம் (உயிருள்ள செல்லைப் பச்சையாக ஒளிரவைக்கும் சாயம்) போட்டுப் பச்சை சேனலில் படம், இமேஜ்ஜே மென்பொருளில் ஆஞ்சியோஜெனிசிஸ் அனலைசர் கொண்டு எண்ணிக்கை.

மருந்தில்லாத குழிகளில் நடுவே செல்கள் அப்பளம் போல ஒரே தாளாகக் கிடக்கின்றன, ஓரத்தில் மட்டும் வலை. குர்குமின் 40 மைக்ரோமோலாரில் (20 மில்லிமோலார் ஸ்டாக், டிஎம்எஸ்ஓவில் கரைத்தது) குழாயே இல்லை. ஒப்பிட வைத்த பெவாசிஸுமாப் (புதுக்குழாயைத் தடுக்கும் புற்று மருந்து), மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை.

பெவாசிஸுமாப் கெட்டுப்போயிருக்குமா? குர்குமின் புதுக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று எழுதலாமா? அடுத்து நியூட் சுண்டெலியில் (எதிர்ப்புச் சக்தி குறைந்த, முடியற்ற இனம்) மனிதக் கட்டி வைத்துப் பார்க்கும் திட்டம், அங்கேயும் பெவாசிஸுமாப்பையே ஒப்பீட்டுக்கு வைக்கலாமா?

குளிர்முனை

மருந்து பற்றி வேறு யாராவது சொல்லட்டும். முதல்ல ஜெல்லைச் சரி பண்ணுங்க.

நடுவுல தாள், ஓரத்துல வலைன்னா ஜெல் குழிச் சுவரைப் பிடிச்சு ஏறி, கிண்ணம் மாதிரி நிக்குதுன்னு அர்த்தம். நடுவுல ஜெல் மெலிசு, செல்லும் சரிஞ்சு அங்கேயே குவியுது. மெலிசான ஜெல்லில் செல் அடித்தட்டின் விறைப்பை உணர்ந்து பரவிடும், குழாய் கட்டாது. 40 மைக்ரோலிட்டர் பத்தாது, 50–60 போடுங்க. 96 குழியின் பரப்பு 0.32 சதுர செமீ, அதில் 50 மைக்ரோலிட்டர் விட்டா சுமார் ஒன்றரை மிமீ கனம் வரும்.

மேட்ரிஜெல் 10 டிகிரியைத் தாண்டினாலே இறுக ஆரம்பிக்கும். முந்தின ராத்திரியே ஐஸ் வாளிக்குள்ள வெச்சு, வாளியோட ஃப்ரிட்ஜில் தள்ளிடுங்க. டிப், டியூப், தட்டு எல்லாமே குளிர்ந்திருக்கணும். பாதி பேர் ஜெல்லைக் குளிரா வெச்சுக்கிட்டு டிப்பை ரூம் சூட்டில் எடுப்பாங்க, டிப்புக்குள்ளேயே இறுகி அளவு குறையும். பிப்பெட்டை ரெண்டாவது நிறுத்தம் வரைக்கும் அமுக்காதீங்க, குமிழி வரும். குமிழி விழுந்துட்டா 4 டிகிரியில் 300 ஜி, 5 நிமிஷம் தட்டோட சென்ட்ரிஃபியூஜில் சுத்துங்க, மட்டமும் ஆகும். அப்புறம் 37 டிகிரியில் 30 முதல் 60 நிமிஷம். அதுக்கு மேல மீடியம் இல்லாம விட்டா மேல்தோல் காயும்.

30,000 செல் ரொம்ப அதிகம். 10,000–15,000 போதும். பாஸேஜ் 8 வேண்டாம், 2 முதல் 5க்குள்ள, 70–80 சதவீதம் நிரம்பின ஃபிளாஸ்கில் இருந்து எடுங்க. ஒவ்வொரு செல்லும் தனித்தனியா பிரிஞ்சிருக்கணும், கட்டியா விழுந்த இடத்தில் தீவுதான் வரும்.

நேரமும் தப்பு. வலை 4–6 மணியிலேயே நல்லா வந்துடும், 16–18 மணியில் தானா உடைய ஆரம்பிக்கும். 16ல ஒரே ஒரு படம் எடுத்தா, மருந்து வலையைக் கட்ட விடலையா, கட்டின வலையை முன்கூட்டியே உடைச்சுதான்னு தெரியாது. 4, 6, 8 மணியில் அதே இடத்தைப் படம் எடுங்க. ஓரக் குழிகளில் வெறும் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊத்திடுங்க, ஆவியாகிப் படுத்தும். வளர்காரணி குறைத்த மேட்ரிஜெல் வாங்குங்க, ஒரு பரிசோதனைத் தொடருக்கு ஒரே லாட். லாட் மாறினா பழைய எண்ணோட புது எண்ணைச் சேர்க்கக் கூடாது.

ஏற்பி_வாசி

பெவாசிஸுமாப்பைக் குப்பையில் போட வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கும்.

மேட்ரிஜெல் என்பது சுண்டெலியின் இஎச்எஸ் சார்கோமாவில் இருந்து எடுத்த அடித்தளச் சவ்வுப் புரதம். பெரும்பகுதி லாமினின், அடுத்தது கொலாஜன் 4. இதன் மேல் உட்சுவர்ச் செல் விழுந்ததும் ஜெல்லைப் பிடித்து இழுக்கிறது, பக்கத்துச் செல் அந்த இழுவிசையை உணர்ந்து அதே கோட்டில் வந்து சேர்கிறது. ஆறு மணி நேரத்தில் செல் பெருகக்கூட இல்லை. இதில் விஇஜிஎஃப்புக்கு (குழாய் வளரத் தூண்டும் புரதம்) உள்ள பங்கு சின்னது. போதாக்குறைக்கு ஈஜிஎம்-2ல் எஃப்ஜிஎஃப், ஈஜிஎஃப், ஐஜிஎஃப் என்ற வேறு வளர்காரணிகளும் இருக்கின்றன. பெவாசிஸுமாப் விஇஜிஎஃப்-ஏவை மட்டும் பிடிக்கும், மற்றவை வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஃபைப்ரோபிளாஸ்ட்டும், எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுச் செல்லும்கூட மேட்ரிஜெல்லில் வலை போடும். ஆகவே இங்கே அளப்பது ஒட்டுதல், நகர்தல், வரிசையாதல் மட்டும். இந்தச் சோதனைக்கு ஒப்பீட்டு மருந்து சுராமின், 30 மைக்ரோமோலார்.

பெவாசிஸுமாப் வேலை செய்கிறதா என்று பார்க்க, விஇஜிஎஃப் மட்டுமே ஓட்டுகிற சோதனை வேண்டும். எளிதானது: ஹூவெக்கை 0.5 சதவீத சீரத்தில் 4–6 மணி நேரம் பட்டினி போடுங்கள். மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் விஇஜிஎஃப்-165ஐ, பெவாசிஸுமாப் சேர்த்து ஒரு கலவை, சேர்க்காமல் இன்னொன்று என, 30 நிமிடம் முன்கூட்டியே கலந்து வையுங்கள். செல்லில் 5 நிமிடம் மட்டும் விட்டு, ஐஸ் பிபிஎஸ், உடனே 1 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட் சேர்த்த லைசிஸ் பஃபர். வெஸ்டர்னில் விஇஜிஎஃப்ஆர்-2ன் (விஇஜிஎஃப் ஒட்டும் செல் ஏற்பி) டைரோசின் 1175 பாஸ்பேட்டைப் பாருங்கள். 15 நிமிடம் விட்டால் சிக்னல் இறங்கிவிடும். பாஸேஜ் ஏற ஏற இந்த ஏற்பி குறைந்துகொண்டே போகும், பாஸேஜ் 8ல் பட்டையே மங்கலாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அளவையும் கணக்குப் போடுங்கள். 50 நானோகிராம் விஇஜிஎஃப் என்றால் ஏறக்குறைய 1.2 நானோமோலார். 1 மைக்ரோகிராம் பெவாசிஸுமாப் 6.7 நானோமோலார், அதுவும் இரண்டு கை உள்ளது. 100 போட்டது வீண் செலவு.

உண்மையான முளைவிடலைக் காண வேண்டுமானால் உருண்டைச் சோதனை: மெத்தில்செல்லுலோஸ் கலந்த மீடியத்தில் 400–500 ஹூவெக்கைத் தொங்கும் துளியில் ஒரு இரவு வைத்தால் ஒரு உருண்டை கிடைக்கும். அதைக் கொலாஜன் 1 ஜெல்லுக்குள் புதைத்து, விஇஜிஎஃப் கொடுத்து, 24 மணி நேரத்தில் முளைகளின் மொத்த நீளத்தை அளக்கலாம். விஇஜிஎஃப் இல்லாத உருண்டை மொட்டையாகவே இருக்கும், அதனால் பெவாசிஸுமாப்பின் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கொலாஜனை நடுநிலையாக்கும்போது மஞ்சளாக விட்டால் அமிலத்தில் செல் சாகும், கருஞ்சிவப்பானால் காரம் கூடிவிட்டது.

நாளம்23

ஜெல்லும் பெவாசிஸுமாப்பும் புரிந்தது, நன்றி. குர்குமின் நச்சாகி செல் செத்திருக்குமோ என்ற சந்தேகத்தில் எம்டிடி (உயிருள்ள செல்லை நிறத்தால் அளக்கும் சோதனை) போட்டேன். சாதா பிளாஸ்டிக் தட்டு, 24 மணி நேரம். 90 சதவீதத்துக்கு மேல் உயிரோடு காட்டியது. அப்படியானால் தடுப்பு உண்மைதானே?

மஞ்சள்கறை

அந்த எம்டிடியை நம்பாதீங்க. எம்டிடிங்கிறது மஞ்சள் உப்பு ஊதாவா ஒடுங்கறது. குர்குமின் மாதிரி பாலிஃபீனால் செல்லே இல்லாமலும் அதை ஒடுக்கும், தானும் நிறம் உள்ளது. செல் இல்லாத குழியில் மருந்தும் எம்டிடியும் மட்டும் போட்டுப் பாருங்க, ஊதா வந்தா உங்க 90 சதவீதம் காலி. எம்டிடி போடறதுக்கு முன்னாடி மருந்து மீடியத்தை எடுத்துட்டு ரெண்டு தடவை கழுவணும். பிளாஸ்டிக்கில் 24 மணி நேரம் பார்த்தது ஜெல்லில் 6 மணிக்குப் பொருந்தாது. வலையைப் படம் எடுத்த அதே குழியில் புரொபிடியம் அயோடைடு போட்டு, செத்த செல்லை சிவப்பில் எண்ணுங்க.

அடுத்து, குர்குமினே பச்சையா ஒளிரும். கால்சீன் ஏஎம்மோட அதே சேனல். 40 மைக்ரோமோலாரில் பின்புலம் முழுக்கப் பச்சைப் புகை, அனலைசருக்குக் குழாய் எது புகை எதுன்னு தெரியாம பூஜ்யம்னு சொல்லியிருக்கலாம். ஃபேஸ் கான்ட்ராஸ்டில் எடுங்க, இல்லைன்னா சிவப்புச் சாயம்.

டிஎம்எஸ்ஓ: 20 மில்லிமோலார் ஸ்டாக்கில் இருந்து 40 மைக்ரோமோலார்னா 500 மடங்கு நீர்த்தல், அதாவது 0.2 சதவீதம். 0.1ஐத் தாண்டாதீங்க. கன்ட்ரோல் குழியிலும் அதே சதவீதம் டிஎம்எஸ்ஓ இருக்கணும், உங்க பதிவில் அது இல்லை.

சீரம் இல்லாத பஃபரில், பிஹெச் 7.2, 37 டிகிரியில் குர்குமினில் சுமார் 90 சதவீதம் அரை மணியில் சிதைஞ்சுடும். சீரம் இருந்தா மெதுவாகும். உங்க மீடியத்தில் 2 சதவீத சீரம்தான், ஆக நீங்க பார்த்ததில் பாதி சிதைவுப் பொருளோட விளைவா இருக்கலாம். ஸ்டாக்கை இருட்டில் வைங்க, போடற நிமிஷத்தில் கலங்க.

1, 2.5, 5, 10, 20ன்னு வரிசை வைங்க. செல் சாகாத அளவில் வலை குறைஞ்சாத்தான் பேச்சு. இன்னொன்னு, தினம் 3.6 கிராம் குர்குமின் வாய்வழி கொடுத்த நோயாளிகளின் இரத்தத்தில் இருந்தது 11 நானோமோலார் சுமார். உங்க 40 மைக்ரோமோலார் அதைப் போல 3,600 மடங்கு. உங்க ஆய்வை மதிப்பிடறவர் முதல்ல இதைத்தான் கேட்பார்.

கருமுட்டை

சுண்டெலிக்கு முன் ஒரு படி இருக்கிறது: கோழிக் கருவின் வெளிச்சவ்வு. செலவு குறைவு, குழாயில் உண்மையான இரத்தம் ஓடும்.

கடை முட்டை உதவாது. நாமக்கல் பண்ணை முட்டையில் சேவலுக்கு வேலையே இல்லை, கரு இருக்காது. குஞ்சு பொரிப்பகத்தில் கருவுற்ற முட்டை கேட்டு வாங்குங்கள். 37.8 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம், படுக்கை வாக்கில். 3ஆம் நாள் கூர்முனையில் துளையிட்டு ஊசியால் 2–3 மில்லி வெள்ளைக் கரு உறிஞ்சுங்கள், ஊசிமுனை கீழ்நோக்கி இருக்க வேண்டும், மஞ்சள் கருவைக் குத்தினால் முட்டை போச்சு. சவ்வு ஓட்டைவிட்டு இறங்கியதும் மேலே 1–2 செமீ ஜன்னல் வெட்டி டேப் ஒட்டுங்கள். 8ஆம் நாள் 1 மிமீ ஜெலட்டின் பஞ்சில் மருந்து, 12ஆம் நாள் எண்ணிக்கை. 10ஆம் நாளுக்குப் பிறகு உட்சுவர்ச் செல் பிரிவது சட்டென்று குறையும், தாமதமாக வைத்தால் எதையும் தடுக்க முடியாது.

ஓட்டுத்தூள் சவ்வில் விழுந்தால் அழற்சியில் குழாய்கள் சக்கர ஆரம் போல அங்கே ஓடிவரும், அதை வளர்ச்சி என்று எண்ணிவிடுவார்கள். எதிர்த் தவறும் உண்டு: மருந்து குழாயைச் சுருக்கினால் இரத்தம் வடிந்து குழாய் காணாமல் போனதாகத் தோன்றும். முதல் ஒரு மணி நேரத்திலேயே மறைந்தால் அது சுருக்கம். குழுவுக்கு 15–20 முட்டை வையுங்கள், சில சாகும்.

ஏற்பி_வாசி

சுண்டெலிக் கேள்வி விட்டுப்போயிற்று. பெவாசிஸுமாப் மனித விஇஜிஎஃப்பைப் பிடிக்கும், சுண்டெலியுடையதைச் சரியாகப் பிடிக்காது. மனிதக் கட்டிச் செல் சுரப்பது அடைபடும், சுற்றியுள்ள சுண்டெலித் திசு சுரப்பது அடைபடாது. அதனால் விளைவு அரைகுறையாகத் தெரியும். சுண்டெலியின் விஇஜிஎஃப்ஆர்-2ஐ அடைக்கும் டிசி101 ஆன்டிபாடியையும் ஒரு குழுவில் வையுங்கள்.

குழாய் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். கட்டி ஓரிரு மிமீக்கு மேல் வளரப் புதுக்குழாய் வேண்டும், அதை வெட்டினால் கட்டி பட்டினியில் சாகும் என்பது 1971ல் ஜூடா ஃபோக்மன் சொன்ன கருத்து. 2004ல் பெருங்குடல் புற்றுக்கு பெவாசிஸுமாப் அனுமதி பெற்றபோது, கீமோ மட்டும் கொடுத்த குழுவின் இடைநிலை வாழ்நாள் 15.6 மாதம், இதையும் சேர்த்த குழுவில் 20.3. ஆனால் 2008ல் மார்பகப் புற்றுக்குக் கொடுத்த அனுமதியை 2011ல் அமெரிக்க எஃப்டிஏ திரும்பப் பெற்றது, வாழ்நாள் நீளவில்லை. 2001ல் ராகேஷ் ஜெயின் முன்வைத்த விளக்கம் வேறு கோணம்: கட்டிக் குழாய்கள் கோணலும் ஒழுகலுமானவை, மருந்து கொஞ்ச காலம் அவற்றைச் சீராக்குகிறது, அப்போது கீமோ உள்ளே நன்றாகப் போகிறது. எண்ணிக்கை குறைந்து ஆக்சிஜன் கூடியிருக்கலாம். ஆகவே பலிக்கு ஒரு மணி நேரம் முன் கிலோவுக்கு 60 மிகி பிமோனிடசோல் கொடுத்து ஆக்சிஜன் பற்றாக்குறைப் பகுதியை அளங்கள், சிரை வழியே லெக்டின் ஏற்றி எந்தக் குழாயில் ஓட்டம் இருக்கிறது என்றும் பாருங்கள்.

சிடி31 (உட்சுவர்ச் செல்லின் அடையாளப் புரதம்) சாயத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: மனிதக் கட்டிதானே என்று மனித சிடி31 ஆன்டிபாடி ஜேசி70ஏ வாங்குவார்கள். கட்டி மனிதனுடையது, குழாய் சுண்டெலியுடையது, ஸ்லைடு வெறுமையாக வரும். சுண்டெலி சிடி31 ஆன்டிபாடியே வேண்டும்: உறைவித்த வெட்டுக்கு எம்ஈசி13.3, பாரஃபின் வெட்டுக்கு எஸ்இசட்31.