ஆர்லிங்டன் கல்லறையில் காலியாக உள்ள குழிக்கும் காவல் உண்டா?

கேள்வி – வர்ஜீனியாவாசி:

சென்ற மாதம் ஊரிலிருந்து வந்திருந்த என் பெற்றோரை வாஷிங்டன் அருகே உள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். பெயர் அறியப்படாத போர்வீரர் கல்லறையின் முன் காவல் மாறும்வரை, கூடியிருந்தவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காவலரின் காலணிகளில் பொருத்திய உலோகத் தகடுகள் மோதும் ஓசை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் அப்பா சில கேள்விகள் கேட்டார். கறுப்பு விரிப்பின் ஒவ்வொரு முனையிலும் அந்தக் காவலர் துப்பாக்கியை ஏன் தோள் மாற்றுகிறார்? அவருடைய சீருடையில் பதவிச் சின்னம் ஏன் இல்லை? தரையில் பதித்த மூன்று கற்களில் நடுவில் உள்ளதன் கீழ் யாரும் இல்லை என்று அருகில் நின்றவர் சொன்னாரே, ஆளில்லாத குழிக்கு இத்தனை காவல் எதற்கு? இந்தக் காவலர்கள் வாழ்நாள் முழுவதும் மது அருந்துவதில்லை என்று சத்தியம் செய்கிறார்கள் என வாட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மைதானா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – கல்லெழுத்து:

வாட்ஸ்அப் செய்தி உண்மையல்ல. அப்படியொரு வாழ்நாள் சத்தியம் கிடையாது.

காவலர் 21 எட்டுகள் நடந்து, திரும்பி 21 விநாடி நின்று, மறுபடியும் திரும்பி 21 விநாடி நின்று, மீண்டும் 21 எட்டுகள் நடக்கிறார். 21 குண்டு முழக்க மரியாதையைக் குறிக்கும் எண் அது. ஒவ்வொரு முறையும் துப்பாக்கி பார்வையாளர்கள் இருக்கும் பக்கத்துத் தோளுக்கு மாறும். கல்லறைக்கும் வெளியிலிருந்து வரக்கூடிய தீங்குக்கும் நடுவே தான் நிற்கிறேன் என்பதே அதன் பொருள். பதவிச் சின்னம் அணியாததற்குக் காரணம் என்னை எப்போதும் நெகிழச் செய்வது. உள்ளே துயில்பவர் சிப்பாயா, அதிகாரியா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே நடைக்காவலில் இருப்பவர் அவரைவிட உயர்ந்த பதவியில் இருப்பதாகத் தோன்றிவிடக் கூடாது.

1921 நவம்பர் 11 அன்று முதல் உலகப் போரின் வீரர் அங்கே அடக்கம் செய்யப்பட்டபோது இந்தக் காவல் எதுவும் இல்லை. அந்த மேட்டிலிருந்து வாஷிங்டன் நகரம் அழகாகத் தெரியும் என்பதால், மக்கள் குடும்பத்தோடு வந்து கல்லறைப் பலகையின் மேலேயே உட்கார்ந்து உண்ணத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் 1925-இல் ஒரு காவலாளி நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு ராணுவம் பொறுப்பேற்றது. 1937 ஜூலை முதல் இரவும் பகலும் காவல் தொடர்கிறது. 1948-இலிருந்து அது மூன்றாம் காலாட்படை ரெஜிமெண்டின் பணியாக இருக்கிறது.

பதில் – நிலவன்:

நடுக்கல்லைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் ஆகியவற்றின் வீரர்கள் 1958-இல் அடக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். நடுவில் 1984-இல் வியட்நாம் போரின் வீரர் ஒருவரை அதிபர் ரீகன் முன்னிலையில் அடக்கம் செய்தார்கள். ஆனால் அவர் முற்றிலும் அடையாளம் அற்றவராக வந்து சேர்ந்தவர் அல்லர். 1972 மே மாதம் வியட்நாமின் ஆன் லோக் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட விமானப்படை லெப்டினன்ட் மைக்கேல் பிளாசியின் அடையாள அட்டை, சில எலும்புகளோடு சேர்ந்தே கிடைத்திருந்தது. பிறகு அட்டை காணாமல் போனது. எலும்புகள் அவருடையவையாக இருக்க முடியாது என்று கருதப்பட்டது. 24 வயதில் மடிந்த அந்த விமானி பெயரற்றவராக ஆக்கப்பட்டார். மகனின் உடல் கிடைக்கவே இல்லை என்று நம்பியிருந்த அவருடைய தாய்க்கு, நாடே வணங்கிய அந்தக் கல்லின் கீழ் இருப்பவன் தன் பிள்ளை என்பது 14 ஆண்டுகள் தெரியாது.

குடும்பத்தார் வற்புறுத்தியதால் 1998 மே மாதம் குழி திறக்கப்பட்டது. தாய்வழி மரபணுச் சோதனையில் அவர் பிளாசிதான் என்பது உறுதியாகி, ஜூலை மாதம் சொந்த ஊரான செயின்ட் லூயிஸில் அவர் பெயர் பொறித்த கல்லின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் குழியில் வேறொருவரை வைப்பதில்லை என்று முடிவு செய்து, 1958 முதல் 1975 வரை காணாமல் போன வீரர்களுக்கு அக்கல்லை உரியதாக்கினார்கள். காலியாக இருப்பதனாலேயே அதற்குக் காவல் தேவை என்று நான் நினைக்கிறேன். தங்கள் பிள்ளையை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு, உங்களை நாங்கள் மறக்கவில்லை என்று சொல்ல அந்த இடம் ஒன்றாவது இருக்கிறது.

பதில் – சாந்தி:

காவல் இருந்தால்தான் மரியாதையா என்று எனக்கு ஒரு தயக்கம் உண்டு. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் தரையில் 1920-இல் அடக்கம் செய்யப்பட்ட பெயர் அறியாத வீரருக்குத் துப்பாக்கி ஏந்திய நிரந்தரக் காவல் கிடையாது. அங்கே எத்தனையோ மன்னர்களின் கல்லறைகள் மேல் மக்கள் நடந்து போகிறார்கள். இவருடைய கல்லை மட்டும் யாரும் மிதிப்பதில்லை. 1923-இல் தன் திருமணத்துக்கு அங்கே வந்த எலிசபெத் போவ்ஸ்-லயன் (பின்னாளில் பிரிட்டன் அரசி), போரில் அண்ணனைப் பறிகொடுத்தவர், தன் மணமகள் பூச்செண்டை அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு செயல் எனக்கு எந்த அணிவகுப்பையும்விடப் பெரிதாகப் படுகிறது. ஆர்லிங்டனில் கூட்டத்துக்காக நடத்தப்படும் காட்சியாக அது மாறிவிடாதா?

பதில் – ஓய்வுபெற்ற ஹவில்தார்:

சாந்தி அம்மா சொல்வதில் அந்தப் பூச்செண்டின் பெருமையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அது காட்சி அன்று. தோட்டத்தின் கதவுகள் மூடப்பட்ட பிறகு, பார்க்க ஒருவரும் இல்லாத இரவிலும் அங்கே காவல் உண்டு. பகலில் கோடையில் அரை மணிக்கும் குளிர்காலத்தில் ஒரு மணிக்கும் மாறுகிற காவல், இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது.

நான் 17 ஆண்டுகள் நம் ராணுவத்தில் இருந்தவன். யூனிட்டின் குவார்ட்டர் கார்டில், அதாவது முகாம் வாயில் காவலில், பல இரவுகள் நின்றிருக்கிறேன். முழங்காலை விறைத்துப் பூட்டி நின்றால் மயங்கி விழுந்துவிடுவாய், பூட்ஸுக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இரு என்று எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சியாளர், சொல்லித் தந்தார். வெளியே பார்ப்பவருக்குச் சிலையாகத் தெரிபவன் உள்ளே ஒவ்வொரு நிமிடமும் தன் உடலோடு போராடிக்கொண்டிருக்கிறான். ஆர்லிங்டன் காவலர்கள் துப்பாக்கி கையிலிருந்து வழுக்காமல் இருக்கக் கையுறைகளை நனைத்துக்கொள்வார்கள் என்று படித்தபோது, அந்த ஈரத்தோடு ஜனவரி மாதக் காற்றில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

ஐயா, உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். காவல் மாறும்போது, விடுபடுகிறவர் வருகிறவரிடம், “நிலையும் ஆணைகளும் முன்பு பணித்தபடியே தொடர்கின்றன” என்ற பொருளில் ஒரு வாசகம் சொல்வார். வருகிறவர், “ஆணைகளை ஏற்றுக்கொண்டேன்” என்பார். அவ்வளவுதான்.

வர்ஜீனியாவாசி:

அனைவருக்கும் நன்றி. எல்லாப் பதில்களையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஹவில்தார் ஐயா எழுதிய அந்த இரண்டு வாசகங்களை மறுபடியும் படிக்கச் சொன்னார். பிளாசியின் தாயைப் பற்றிக் கேட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை. ஊர் திரும்ப இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. அதற்குள் ஒருமுறை, கூட்டம் சேரும் முன்பே காலையில் போய், நடுக்கல் தெரியும் பக்கமாக நிற்க வேண்டும் என்கிறார்கள்.