மறு: 'ரிடக்‌ஷன்' என்பதற்குக் 'குறைப்பு' வேண்டாமே

அன்புள்ள அனைவருக்கும்,

விலகிய மூட்டைச் சரிசெய்யும் 'ஓப்பன் ரிடக்‌ஷன்' என்ற அறுவைக்குத் 'திறந்த குறைப்பு' என்ற சொல்லை நேற்று இந்த இழையில் பார்த்ததிலிருந்து மனம் ஒப்பவில்லை. முன்மொழிந்த ஐயா அகராதியை ஒட்டித்தான் சொன்னார், அவர்மேல் குறையில்லை. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் வேதியியலில் ஆக்சிசன் ஒடுக்கத்துக்கும் கணக்கில் பின்னச் சுருக்கத்துக்கும் சேர்த்து உழைக்கிறது. ஆனால் எலும்பு மருத்துவர் சொல்லும் ரிடக்‌ஷனில் எதுவும் குறைவதில்லை. லத்தீன் மூலத்தில் அதற்குத் 'திரும்ப அழைத்து வருதல்' என்று பொருள். இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்தை விட்டு விலகிப்போன தொடை எலும்பின் தலையை மறுபடி கிண்ணத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைப்பது, அவ்வளவுதான்.

நான் இடுப்பு மூட்டு விலகிய பிள்ளைகளின் பெற்றோருக்கான கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருப்பதால் இது எனக்கு வெறும் சொல்லழகுப் பிரச்சினையாகத் தெரியவில்லை. இரண்டு, மூன்று வயதுக்கு மேல் கண்டறியப்பட்ட பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பின் தலை மேலே ஏறி நெடுநாள் ஆகியிருக்கும், தொடைத் தசைகள் அதற்கேற்பக் குட்டையாகியிருக்கும். தலையை இழுத்துக் கீழே கொண்டுவந்து கிண்ணத்துக்குள் திணித்தால் அழுத்தம் தாங்காமல் அதன் இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்புத் தலையே நசிந்துபோகலாம். அதைத் தவிர்க்கத் தொடை எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, நீளத்தைக் குறைத்து, தகடும் திருகும் வைத்து இணைப்பார்கள். ஆக, தலையை உட்கார்த்துவதும் எலும்பின் நீளத்தைக் குறைப்பதும் ஒரே அறுவையில் நடக்கின்றன. ஒப்புதல் படிவத்தில் 'திறந்த குறைப்பும் தொடை எலும்புக் குறைப்பும்' என்று அச்சடித்து நீட்டினால், எதைத்தான் குறைக்கப் போகிறீர்கள் என்று தாய் கேட்பார். கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது இன்னும் மோசம்.

'குறைப்பு' உண்மையிலேயே குறைக்கிற வேலைக்கு இருக்கட்டும். உட்கார்த்துவதற்கு வேறு சொல் தேடுவோம்.

முதலில் எனக்குத் தோன்றியது 'இருத்தல்'. இருத்து என்ற பிறவினை இதற்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கிறது. ஆனால் பெயராக்கியதும் இருத்தலியலும் முல்லைத்திணையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அடுத்து 'மூட்டுதல்'. மூட்டு என்ற பெயரே மூட்டு என்ற வினையிலிருந்து வந்ததுதானே, 'மீள்மூட்டல்' என்றால் என்ன? தீமூட்டல், சாக்கு மூட்டுதல் எல்லாம் கூடவே வரும். தவிர, இங்கே எலும்பை எதனோடும் தைப்பதில்லை.

> வழுவல் – வழுநீக்கல் என்று வைத்தால் என்ன?

அம்மா, இதைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. விலகிய மூட்டு வழுநிலை, அமர்ந்தது வழாநிலை, கிண்ணம் ஆழமில்லாவிட்டாலும் ஒருவாறு ஒட்டிக்கொண்டிருப்பது வழுவமைதி! இலக்கண ஆசிரியர்கள் மகிழ்வார்கள். ஆனால் வழுநீக்கலைக் கணினிக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மேலும் வழு என்றால் குற்றம் என்று காதில் விழுகிறது. பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

என் பரிந்துரை 'மீளமர்த்தல்'. பணியமர்த்தல் வழியாக 'அமர்த்து' எல்லாருக்கும் பழக்கம், 'மீள்' இருப்பதால் பழைய இடம் என்ற குறிப்பும் வந்துவிடுகிறது. பிறந்ததிலிருந்தே சரியாக உட்காராத தலைக்கு 'மீள்' எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான மடக்கல்தான். ஆனால் லத்தீன்காரருக்கும் அதே சிக்கல் இருந்திருக்கும். முறிந்த எலும்பின் முனைகளை நேராக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கே அமர்த்துவதற்குக் கிண்ணம் ஏதும் இல்லை, ஆகவே 'நேர்சேர்த்தல்' என்று தனியாக வைக்கலாம். ஆங்கிலத்தில் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி ரிடக்‌ஷனுக்கு முன்னால் வரும் 'திறந்த', 'மூடிய'. தோலைக் கீறி மூட்டைத் திறந்து செய்வது திறந்தது. மயக்கம் கொடுத்துவிட்டு, தோலைக் கீறாமல், காலை மடக்கி விரித்துக் கையாலேயே தலையை உள்ளே அனுப்புவது மூடியது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை முதலில் இதைத்தான் முயல்வார்கள். (அதற்கும் சிறிய குழந்தைகளுக்குப் கால்களை மடக்கி விரித்து வைத்திருக்கும் பாவ்லிக் வார்ப்பட்டையே பெரும்பாலும் போதும், அறுவைப் பேச்சே எழாது.) வியன்னாவின் அடால்ஃப் லோரன்ஸ் இந்தக் கைவித்தையால் புகழ்பெற்றவர். 1902இல் ஒரு பணக்கார வீட்டுச் சிறுமிக்காக அவரைச் சிகாகோவுக்கே வரவழைத்தார்கள். அன்று இதற்குக் 'குருதியில்லா அறுவை' என்று பெயர். அதை மனத்தில் வைத்துக் 'கீறா மீளமர்த்தல்', 'கீறி மீளமர்த்தல்' என்று எழுதிப் பார்த்தேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் கச்சிதமாக உட்கார்ந்தது. மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. கீறா, கீறி: ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. அறுவை அரங்கில் முகமூடிக்குப் பின்னாலிருந்து சொன்னால் யாருக்கு விளங்கும்? கைவிட்டேன். 'கையால் மீளமர்த்தல்', 'திறந்து மீளமர்த்தல்' என்று இருக்கட்டும்.

திறக்க வேண்டியது ஏன் என்பதை விளக்கும் பத்தியில்தான் தமிழ் எனக்கு எதிர்பாராமல் உதவியது. காலியான கிண்ணத்தில் கொழுப்பு அடைத்திருக்கும். தலையையும் கிண்ணத்தையும் இணைக்கும் நாண் நீண்டு தடித்திருக்கும். கிண்ணத்தின் விளிம்பு உள்ளே மடங்கி வழிமறிக்கும். இடுப்பை மடக்கும் தசையின் நாண் குறுக்கே ஓடி மூட்டுறையை நெரிக்கும். நெரிந்த உறையை ஆங்கில நூல்கள் மணற்கடிகாரத்துக்கு ஒப்பிடுகின்றன. நான் 'உடுக்கையின் இடைபோல' என்று எழுதினேன். இந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் மாற்றச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

> ஆஸ்டியோடமி = எலும்பு வெட்டு. நேரடியானது, எளிது.

எளிதுதான், ஆனால் 'எலும்பு வெட்டு' என்றதும் காலை எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுவார்கள். வெட்டியபின் என்ன செய்கிறார்கள் என்பதைப் பெயரில் வைப்போமே. கிண்ணம் ஆழமில்லாதபோது இது தேவைப்படும். 1961இல் எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்ட்டர் வெளியிட்ட முறையில் கிண்ணத்துக்கு மேலே இடுப்பெலும்பை முழுக்க அறுத்து, கிண்ணத்தையே முன்னும் வெளியுமாகச் சாய்த்து, இடைவெளியில் ஆப்புப்போல ஓர் எலும்புத் துண்டைச் செருகுவார்கள். அது 'கிண்ணத் திருப்பம்'. 1965இல் வந்த பெம்பர்ட்டன் முறையில் எலும்பை முழுக்க அறுக்காமல் கூரைப் பகுதியை மட்டும் கீழே வளைப்பார்கள். அது 'கூரை வளைப்பு'. பொதுப்பெயர் தேவைப்பட்டால் 'எலும்பு அறுத்தமைத்தல்'. நாக்கு கொஞ்சம் மடங்குகிறது, தெரியும்.

அறுவைக்குப்பின் இடுப்பையும் காலையும் அசையாமல் பிடிக்கும் ஸ்பைகா கட்டு பற்றிச் சுருக்கமாக. லத்தீனில் அந்தச் சொல் தானியக் கதிரைக் குறிக்கும், துணி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் விதத்தால் வந்த பெயர். 'கதிர்க்கட்டு' அழகாகத்தான் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் கதிர் என்றால் வேறு பொருள். 'இடுப்பு மாவுக்கட்டு' போதும்.

கடைசியாக, 'பிறவி இடுப்பு மூட்டு விலகல்' என்ற கையேட்டுத் தலைப்பு. மருத்துவர்களே அந்தப் பெயரைக் கைவிட்டு வருகிறார்கள். 1989இல் எலும்பு மருத்துவர் கிளிசிச் 'பிறவி' என்பதை நீக்கி 'வளர்ச்சி' என்று வைக்க வேண்டும் என்று எழுதினார். பிறந்தபோது சரியாகத் தெரிந்த மூட்டும் பிறகு விலகலாம், கிண்ணம் ஆழமற்றுப் போவதிலிருந்து முழு விலகல் வரை பல படிகள் உண்டு என்பதால்தான். தமிழில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் காதில் 'பிறவி' என்றால் விதி, மாற்ற முடியாதது. சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் நன்றாகவே சரியாகிற ஒன்றுக்கு அந்தப் பெயர் அநியாயம். 'வளர்நிலை இடுப்பு மூட்டுப் பிறழ்வு' என்று மாற்றியிருக்கிறேன். படிகளுக்கு: ஆழமற்ற கிண்ணம், அரைவிலகல், முழுவிலகல்.

இப்போது கையேட்டு வரி இப்படி நிற்கிறது: 'உங்கள் பிள்ளையின் மூட்டைத் திறந்து, தடையாக இருப்பவற்றை விலக்கி, தொடை எலும்பின் தலையைக் கிண்ணத்துக்குள் மீளமர்த்துவோம். தேவைப்பட்டால் தொடை எலும்பின் நீளத்தைச் சற்றுக் குறைப்போம்.'

குழந்தை மருத்துவர் அம்மாவுக்கு ஒரு கேள்வி. மீளமர்த்திய தலை, காலை அசைத்துப் பார்த்தாலும் மறுபடி நழுவாமல் இருந்தால் அதற்கு 'நிலைப்பு' என்று எழுதலாமா, 'பிடிமானம்' மேலா? எனக்குப் பிடிமானம்தான் பிடித்திருக்கிறது.