வீட்டு மின்பணியிலிருந்து ஒயின் ஆலைக்கு: மதிப்பீடு கொடுக்கும் முன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

மலைச்சரிவு:

வணக்கம். கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் சி-10 மின் ஒப்பந்ததாரர் உரிமத்துடன் பணிபுரிகிறேன். இதுவரை செய்தவை பெரும்பாலும் உரிமையாளரின் விருப்பப்படி வடிவமைத்துக் கட்டப்படும் தனி வீடுகள்தாம். 400 ஆம்பியர் இணைப்பு, கூரையில் சூரியத் தகடுகள், பேட்டரி, மின்சாரம் நின்றவுடன் தானே இயங்கும் ஜெனரேட்டர் என்று அந்த வேலையின் நெளிவுசுளிவுகள் எனக்குப் பழக்கம். இப்போது ஒரு வாடிக்கையாளர் மலைச்சரிவில் வீடும், அதற்கு ஏறத்தாழ 200 மீட்டர் கீழே ஒரு சிறிய ஒயின் ஆலையும் கட்டுகிறார். இரண்டின் மின்பணியையும் நானே ஏற்க வேண்டும் என்கிறார்.

ஆலைக்கு 480 வோல்ட் மும்முனை மின்சாரம். சில்லர் (தொட்டிகளைக் குளிர்விக்கும் இயந்திரம்), பிழி இயந்திரம், பம்புகள் ஆகியவற்றின் குதிரைத்திறன் வரைபடத்தில் இருக்கிறது. அதைக் கூட்டி மதிப்பீடு எழுதிவிடலாம். ஆனால் வரைபடம் சொல்லாத ஏதோ ஒன்று பின்னால் கையைக் கடிக்கும் என்று தோன்றுகிறது. ஈரத் தரையில் பொருத்தும் பிளக் பாயிண்டுகளுக்கு வீட்டைப் போலவே ஜிஎஃப்சிஐ (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போதுமா? வீட்டுக்கும் ஆலைக்கும் ஒரே இணைப்பு வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பீப்பாய் அறை:

வணக்கம் ஐயா. நான் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் ஆலைகளின் மின்பணியையே பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஓர் ஒயின் ஆலை ஆண்டின் பெரும்பகுதி அமைதியாக இருக்கும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான அறுவடைக் காலத்தில்தான் சில்லரும் பிழி இயந்திரமும் பம்புகளும் இரவு பகலாக ஒன்றாக ஓடும். எனவே குதிரைத்திறன் பட்டியலை வைத்து முடிவெடுக்காமல், ஒயின் தயாரிப்பாளரையும் தொட்டிகளுக்கிடையில் குழாய் இழுக்கும் தொழிலாளர்களையும் நேரில் சந்தித்து, அறுவடை உச்சத்தில் ஒரே நேரத்தில் எவையெல்லாம் ஓடும், எந்தப் பம்பு எந்தத் தொட்டிக்கு நகர்த்தப்படும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிளக் பாயிண்டுகள் எங்கே வர வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஈரத் தரை பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2020 தேசிய மின் விதித்தொகுப்பின்படி, தரையோடு ஒப்பிட்டால் 150 வோல்ட்டுக்கு மிகாத மும்முனைப் பிளக் பாயிண்டுகள், 100 ஆம்பியர் வரை, ஈரமான இடங்களில் ஜிஎஃப்சிஐ பாதுகாப்புடன் இருக்க வேண்டும். 208 வோல்ட் அமைப்பில் தரையோடு 120 வோல்ட்தான் என்பதால், அந்தப் பாயிண்டுகள் இந்த விதிக்குள் வரும். 480 வோல்ட் அமைப்பில் தரையோடு 277 வோல்ட் இருப்பதால் அவை வருவதில்லை. சக்கர வண்டியில் நகரும் பம்புகளில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த விஎஃப்டி என்ற மின்னணுக் கருவி இருக்கும். அதன் இயல்பான கசிவு மின்னோட்டமே ஜிஎஃப்சிஐயை அடிக்கடி டிரிப் செய்துவிடும். நள்ளிரவில் திராட்சைச் சாறு பாதி வழியில் நிற்கும்போது தொழிலாளர்கள் அந்தப் பாதுகாப்பைத் தவிர்க்க வழி தேடுவார்கள், அதுதான் உண்மையான ஆபத்து. பம்புகளை 480 வோல்ட்டில் வைத்து, மின்னோட்டம் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்க முடியாதபடி சுவிட்சுடன் பூட்டிய பாயிண்டுகளைப் பொருத்தி, எர்த் கம்பியின் தொடர்ச்சியை ஒவ்வொரு பாயிண்டிலும் அளந்து சரிபார்ப்பதே என் வழக்கம்.

முனை வரிசையையும் எல்லாப் பாயிண்டுகளிலும் ஒன்றாக வையுங்கள். ஒரு சுவரில் சரியாக ஓடிய பம்பு அடுத்த சுவரில் எதிர்த்திசையில் சுழன்றால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

மின் பெட்டிகள் நேமா 4எக்ஸ் தரத்தில் (நீர் புகாத, அரிப்பைத் தாங்கும் வகை), துருப்பிடிக்காத எஃகிலோ பொருத்தமான பிளாஸ்டிக்கிலோ இருக்க வேண்டும். தண்ணீரோடு காரமும் சிட்ரிக் அமிலமும் பீய்ச்சப்படும். போதாததற்குக் கந்தக டையாக்சைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். என் தொடக்கக் காலத்தில் பீப்பாய் அறைக்குள் சாதாரணப் பெட்டியில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையைப் பொருத்திவிட்டேன். இரண்டாவது அறுவடைக்குள் செம்பு முனைகள் கருத்துப் போய், முழுவதையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பலகைகளை அந்த அறைக்கு வெளியேதான் வைக்கிறேன்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கரியமில வாயு. ஒரு லிட்டர் சாறு புளித்து முடிவதற்குள் 50 லிட்டருக்கும் மேற்பட்ட வாயு வெளியேறுகிறது. அது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தரையை ஒட்டித் தேங்கும். உணர்கருவியைத் தாழ்வாகப் பொருத்தி, அளவு கூடியவுடன் வெளியேற்று விசிறிகள் தாமே ஓடும்படி இணையுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட சராசரி உச்சவரம்பு 5,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 5,000 பங்கு). மின்சாரம் நின்றாலும் இந்த விசிறிகள் நிற்கக் கூடாது. அவற்றை ஜெனரேட்டர் பட்டியலில் முதலாவதாக எழுதுங்கள்.

தாமிரக்கம்பி:

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். ஜெனரேட்டர் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் காட்டுத்தீ அபாயத்தால் வட கலிபோர்னியாவின் பல பகுதிகளில் மின்சாரம் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அது அறுவடைக் காலம். புளிப்பு வெப்பத்தை உண்டாக்கும் வினை. சில்லர் நின்றால் தொட்டியின் வெப்பநிலை ஏறும், 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்து புளிப்பு பாதியில் நின்றுபோகலாம். ஆகவே சில்லரையும் ஜெனரேட்டரில் சேர்க்க வேண்டும்; அதன் மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தைக் கணக்கில் கொண்டே அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிழி இயந்திரம் சில மணி நேரம் காத்திருக்கலாம் என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டால் ஜெனரேட்டரின் அளவு கணிசமாகக் குறையும். அந்த ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒரே இணைப்பு பற்றி: வீட்டுக்கும் ஆலைக்கும் கட்டண வகை வேறு. ஆலைக்கு, 15 நிமிட உச்சப் பயன்பாட்டை அளந்து விதிக்கப்படும் கட்டணமும் சேரக்கூடும். இரண்டையும் கலந்தால் உரிமையாளர் வருடம் முழுவதும் வருந்துவார். தனித்தனி இணைப்புக்கே முயலுங்கள். ஒருவேளை மீட்டர் ஆலையருகே மட்டுமே கிடைத்தால், 480 வோல்ட்டிலேயே வீடுவரை கொண்டுசென்று அங்கே மின்மாற்றி வைத்து இறக்குவது நல்லது. அதே கம்பியில் அதே திறனை இருமடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால், விழுக்காட்டில் பார்க்கும் மின்னழுத்த வீழ்ச்சி நான்கில் ஒரு பங்காகிவிடும். எப்படியானாலும் மின் நிறுவனத்திடம் விண்ணப்பத்தை இன்றே கொடுங்கள். புதிய இணைப்புகளின் தாமதத்தைக் குறைக்க 2023-இல் எஸ்பி 410 என்ற சட்டமே இயற்ற நேர்ந்தது.

வீட்டின் அடித்தளக் கம்பிகளைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே எர்த் மின்முனையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆலையின் தளத்தைக் கட்டுபவர் வேறொருவராக இருந்தால், ஊற்றும் நாளை அவரிடம் நீங்களே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாறை நிலத்தில் பின்னால் எர்த் கம்பி அடிப்பது பெரும்பாடு.

மலைச்சரிவு:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஒயின் தயாரிப்பாளரைச் சந்தித்தேன். வரைபடத்தில் இல்லாத ஒரு பாட்டிலடைக்கும் வண்டி ஆண்டுக்கு இருமுறை வாடகைக்கு வந்து முற்றத்தில் நிற்கும் என்றும், அதற்குத் தனியாக மும்முனை இணைப்பு தேவை என்றும் அப்போதுதான் சொன்னார். கரியமில வாயு விசிறிகளையும் சில்லரையும் ஜெனரேட்டர் பட்டியலில் சேர்த்துவிட்டேன். வீட்டுக்குத் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன். பாட்டில் வண்டிக்கான பிளக்கின் வகையை அதன் உரிமையாளரிடம் கேட்டறிந்த பிறகே மதிப்பீட்டை அனுப்புவேன்.