ரன்னுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கு? பி5 பையனோட மல்லுக்கட்டுறேன்

ஈசூன்_அம்மா:
வணக்கம் மக்களே. பையன் ப்ரைமரி 5. டியூஷன்ல ஒரு ஷீட் குடுத்திருக்காங்க, இங்கிலீஷ் ரன்னுக்குப் பதிலா போடுற பாம்பாஸ்டிக் வார்த்தைகளாம், அதாவது பகட்டான சொல்லுங்க. ஸ்ப்ரிண்ட், டேஷ், போல்ட், ஸ்கரி, ஃப்ளோ, ஆபரேட், மேனேஜ்னு எல்லாத்தையும் ஒரே கட்டத்துக்குள்ள கொட்டி வச்சிருக்காங்க, எது எங்க வரும்னு ஒரு வரி கிடையாது. இவன் அதை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு காம்போல, அதான் இங்கிலீஷ் கட்டுரையில, எழுதியிருக்கான், "மை நோஸ் வாஸ் ஸ்ப்ரிண்டிங்". சளி புடிச்ச மூக்கு நூறு மீட்டர் ரேஸ்ல ஓடுதாம். அடுத்த பாராவுல "வீ மேனேஜ்ட் அவுட் ஆஃப் மில்க்". டீச்சர் சிவப்பு பேனாவால பெரிய கேள்விக்குறி ஒண்ணு போட்டிருக்காங்க, அவ்ளோதான்.

நான் சிரிச்சுட்டேன், அவன் அழுதுட்டான். சரி தமிழ்லயே சொல்லிக்குடுப்போம்னு உக்காந்து "ரன்னுன்னா ஓடு"ன்னு ஆரம்பிச்சேன், ரெண்டாவது வாக்கியத்துலயே நான் மாட்டிக்கிட்டேன். "ஹீ ரன்ஸ் எ ஷாப்"னா கடை ஓடுதா அவர் ஓடுறாரான்னு கேக்குறான். இதை எப்படித்தான் புரிய வைக்கிறது, யாராச்சும் சொல்லுங்க. இன்னொரு லிஸ்ட் மட்டும் அனுப்பிடாதீங்க ப்ளீஸ்.

துவாஸ்_கரண்ட்காரன்:
அக்கா உங்க பையனை ரொம்ப திட்டாதீங்க, நான் முப்பது வயசுல இதே அடி வாங்குனவன். புதுக்கோட்டையில இருந்து சிங்கப்பூர் வந்த முதல் வாரம், சைட்ல சூப்பர்வைசர் கேபிள் ட்ரம்மைக் காட்டி "ரன் திஸ் டு தி டிபி"ன்னாரு, டிபின்னா கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி. நான் என்ன பண்ணேன், நுனியைத் தோள்ல போட்டுக்கிட்டு நெசமாவே ஓடுனேன். மொத்த சைட்டும் நின்னு வேடிக்கை பாத்துச்சு. கேபிளை ரன் பண்றதுன்னா ட்ரேயில போட்டு இழுத்துட்டுப் போறதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அதுல ஓட்டமே கிடையாது, ஆமை வேகம், வளைவு வந்தா இன்னும் மெதுவா.

இதைவிட பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி மீட்டிங்ல ஆபீஸ் மேனேஜர் "நாளைக்கு ஒரு ட்ரை ரன் பண்ணிடுங்க"ன்னாரு. எங்க பம்ப் ஃபிட்டர் அண்ணன் பதறிட்டாரு, "சார் ட்ரை ரன் பண்ணா சீல் போயிடும் சார்". ஏன்னா பம்புக்காரங்களுக்கு ட்ரை ரன்னுன்னா உள்ள தண்ணி இல்லாம மோட்டர் சுத்துறது. சீல்னா தண்ணி கசியாம அடைக்கிற பாகம், அந்த தண்ணிதான் அதைக் குளிரா வச்சிருக்கும், அது இல்லேன்னா சூடேறி கருகிடும். மேனேஜர் சொன்னது ஒத்திகை. அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பேசிக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்.

ரிட்டையர்ட்_வாத்தி:
அம்மா, நீங்க தமிழ்ல சொல்லிக்குடுக்கப் பாத்தது தப்பே இல்ல, ஆனா ரன்னுன்னா ஓடுன்னு ஒரே சொல்லைக் குடுத்ததுதான் சிக்கல். ரன்னோட யாரு சேந்து வர்றாங்கன்னு பாக்கச் சொல்லுங்க, எது ரன் ஆகுது, எதை ரன் பண்றாங்க. அது தெரிஞ்சா தமிழ்ச்சொல் தானா வந்து விழும். கடையை இங்கிலீஷ்காரன் ரன் பண்றான், நாம நடத்துறோம், அதாவது நடக்க வைக்கிறோம். அவன் ஓட்டம் நமக்கு நடை. தேர்தலுக்கு வாங்க, அமெரிக்காக்காரங்க எலெக்‌ஷன்ல ரன் பண்றாங்க, பிரிட்டிஷ்காரங்க ஸ்டாண்ட் பண்றாங்க, நாமளும் "தேர்தல்ல நிக்கிறாரு"ன்னுதான் சொல்றோம். ஆக ஒரே ரன், நம்மகிட்ட வந்தா ஒரு இடத்துல நடக்குது ஒரு இடத்துல நிக்குது. காய்ச்சல் ரன் ஆனா நமக்கு அடிக்குது. துணியில சாயம் ரன் ஆனா போகுது. பால் ரன் அவுட் ஆனா தீர்ந்துபோகுது. மூக்கு ஒழுகுது.

அதுக்காக ஓடவே ஓடாதுன்னும் இல்ல. படம் நூறு நாள் ஓடுது, மெஷின் ஓடுது, மனசுக்குள்ள என்னமோ ஓடுது, பொழப்பு ஓடுது. வ.உ.சியை கப்பலோட்டிய தமிழன்னு சொல்றோமே, அவர் சுக்கானைப் புடிச்சா ஓட்டுனாரு? 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு தூத்துக்குடி கொழும்பு வழியில பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியா நடத்துனாரு. அங்க ஓட்டுறதுன்னா அப்படியே இங்கிலீஷ் ரன்தான். ஓடுற தண்ணிக்கு நாம ஓடைன்னு பேர் வச்ச மாதிரி இங்கிலீஷ்லயும் சின்ன ஓடைக்கு ரன்னுன்னு ஒரு பேர் உண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல 1861ல நடந்த புல் ரன் சண்டை அப்படி ஒரு ஓடைக்கரையில நடந்ததுதான்.

பையன்கிட்ட இதையும் சொல்லுங்க, ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரங்களே இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 645 பொருள் பிரிச்சிருக்காங்க. 1928ல முதல் பதிப்பு முடிஞ்சப்ப செட்டுங்கிற சொல்லுதான் பெரிசா இருந்துச்சு, இப்ப ரன் அதைத் தாண்டிருச்சு. ரயில், மெஷின், கம்ப்யூட்டர்னு புதுசா எது வந்தாலும் ரன்னுங்கிறாங்க, அப்புறம் வளராம என்ன பண்ணும்? பன்னெண்டு வயசுகூட ஆகாத புள்ள மாட்டிக்கிட்டதுல அதிசயமே இல்ல.

செங்காங்_சிங்கம்:
வாத்தியார் சொல்றது கேக்க நல்லாருக்கு ஆனா அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ, ப்ரைமரி முடிவுல வர்ற தேசியப் பரீட்சை, இருக்கு, 645ஐயும் ஆராய்ச்சி பண்ண டைம் எங்க இருக்கு? லிஸ்டை மனப்பாடம் பண்ண வைங்க, பழகிடும். எங்க பொண்ணு அப்படித்தான் பண்ணுச்சு.

ரிட்டையர்ட்_வாத்தி:
தம்பி, நான் லிஸ்டுக்கு எதிரி இல்ல. நம்ம முன்னோர் லிஸ்ட் போட்டுத்தான் படிச்சாங்க, திவாகர நிகண்டுன்னு ஒண்ணு இருக்கு, அந்தக் காலத்து அகராதி மாதிரி, பன்னெண்டு தொகுதி. ஆனா அவங்க என்ன பண்ணாங்க, ஒரு பொருளுக்குப் பல சொல் இருக்கிறதை முதல் பத்து தொகுதியில வச்சாங்க, ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருக்கிறதைத் தனியா பதினொண்ணாவதுல வச்சாங்க. ரெண்டும் வேற வேற பண்டம்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. இந்த டியூஷன் ஷீட் ரெண்டையும் ஒரே பானையில போட்டுக் கிண்டிருச்சு, ஸ்ப்ரிண்டும் மேனேஜும் அண்ணன் தம்பின்னு சொன்னா புள்ள நம்பத்தானே செய்யும்?

காலால ஓடுறதை மட்டும் தனியா எடுங்க, அதுக்குள்ளயே எவ்ளோ இருக்கு. ஸ்ப்ரிண்ட் மூச்சைப் புடிச்சுக்கிட்டு முழு வேகம். டேஷ் கொஞ்ச தூரம், அவசரம், பஸ்ஸைப் புடிக்க ஓடுற மாதிரி. போல்டுன்னா மிரண்டு பிச்சுக்கிட்டு ஓடுறது, குதிரை மாதிரி. ஸ்கரி குட்டிக் குட்டி அடி வச்சு, எலி சமையலறையில ஓடுற மாதிரி. பக்கத்து வீட்டு அங்கிள் பார்க்ல ஜாக் பண்றாரு, அவரை ஸ்கரின்னு எழுதினா கோவிச்சுக்குவாரு.

காப்பிக்கடை_கந்தசாமி:
காலையில காப்பிக்கடையில அரைவேக்காட்டு முட்டையை வச்சுக்கிட்டே இதைப் படிக்கிறேன். இங்க எல்லாரும் ரன்னி எக்னுதானே சொல்றோம், மஞ்சக்கரு அப்படியே ஓடும், மேல கறுப்பு சோயாவும் மிளகுத்தூளும். இப்பதான் தோணுச்சு, இங்கிலீஷ்ல முட்டைக்குள்ள ஓடுது, தமிழ்ல முட்டைக்கு வெளிய ஓடு இருக்கு. ரெண்டும் சேந்தாத்தான் பசியாற முடியும்.

ஈசூன்_அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க. சிங்கம் ப்ரதர், அந்த மனப்பாட வழியில போய்த்தான் மூக்கு ஸ்ப்ரிண்ட் ஆச்சு. வாத்தியாரய்யா சொன்ன மாதிரி ஷீட்டைக் கத்தரிக்கோல் வச்சு துண்டு துண்டா வெட்டி, காலால ஓடுறது ஒரு டப்பா, தண்ணி மாதிரி ஓடுறது ஒரு டப்பா, ஆள் பாத்துக்கிறது ஒரு டப்பான்னு பிரிக்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் உக்காந்து பண்ணான். மில்க்குக்கு மட்டும் எந்த டப்பாவும் சேரல, அதுக்கு நாலாவதா "தீர்ந்து போச்சு"ன்னு அவனே ஒரு டப்பா வச்சுக்கிட்டான், காலி மைலோ டின்தான். கேபிள் கதையைச் சொன்னேன், சிரிச்சு சிரிச்சு கீழ விழுந்துட்டான், சாரி தம்பி.

ஆமா துவாஸ் தம்பி, ஒரு சந்தேகம். எங்க வீட்டு மீன்தொட்டி பம்ப் போன மாசம் கர்ருன்னு சத்தம் போட்டு நின்னுபோச்சு, லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம், வந்து பாத்தா தண்ணி பாதிக்குக் கீழ இருந்துச்சு. அதுவும் ட்ரை ரன்தானா?

துவாஸ்_கரண்ட்காரன்:
அதேதான் அக்கா. புதுசு வாங்குறதுக்கு முன்னாடி கழட்டி உள்ள இருக்கிற சின்ன ஃபேன் கையால சுத்துதான்னு பாருங்க, சில நேரம் சுண்ணாம்பு புடிச்சு இறுகியிருக்கும், வினிகர்ல ஊற வச்சு நல்லா அலசுனா ஓடிடும். கழட்டும்போது ப்ளக்கைப் புடுங்கிடுங்க. மீன் எப்படி இருக்கு?

ஈசூன்_அம்மா:
மீனெல்லாம் சௌக்கியம்.