பாட்டில் வரும் ‘நான்’ யார்? பழைய திரைப்பாடலும் ராப்பும்

காட்பாடி மூத்தவர்:
பழைய திரைப்பாடல் எல்லோருக்கும் பொதுவான உணர்வைப் பேசியது என்றும், இன்றைய ராப் பாடுபவர் தம்மைப் பற்றியே பேசுவதால் அது நிலைக்காது என்றும் நான் கருதுகிறேன். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்திற்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய ‘தூங்காதே தம்பி தூங்காதே’ பாடலைப் பாருங்கள். அதை எந்த அண்ணனும் எந்தத் தம்பிக்கும் சொல்லலாம். மறு ஆண்டே, முப்பது வயது நிறையும் முன் மறைந்த அந்தக் கவிஞர் உழைப்பவர் துயரை நன்கறிந்தவர்; ஆயினும் அப்பாடலில் தம் கதையைச் சொல்லவில்லை.

அரக்கோணத்துப் பேத்தி:
ஐயா, அந்தப் பாடலின் மேன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் திரைப்பாடலில் வரும் ‘நான்’ பெரும்பாலும் கதாபாத்திரத்தினுடையது. இயக்குநர் சொல்லும் காட்சிக்கும், பல வேளைகளில் முன்பே அமைந்துவிட்ட மெட்டுக்கும் இசைய அதைக் கவிஞர் எழுதித் தருகிறார். எங்கள் ஊரைச் சேர்ந்த ராப் பாடகர் அறிவு, பாடகி தீயுடன் சேர்ந்து பாடி 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ அப்படிப் பிறந்ததன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அவர் அதை எடுத்தார். ஒப்பாரியும் அப்படித்தான். இறந்தவரின் பெயரையும், அவர் உழுத நிலத்தையும், அவர் வாங்கி வந்த சேலையையும் சொல்லித்தான் ஒரு பெண் அழுகிறாள். அதைக் கேட்டுத் தெருவே அழுகிறது. தம்மைப் பற்றிப் பாடுவது பிறரைத் தொடாது என்றால், வட ஆர்க்காட்டுச் சாவு வீடுகளில் இத்தனை காலமாக அழுதவர்கள் எதற்காக அழுதார்கள்?

செய்யாறு கூத்து ரசிகர்:
இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பல இரவுகள் நடந்து, துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளத்தில் முடியும். மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின் முன் ஒப்பாரி பாடப்படும்போது, அவன் கெட்டவன் என்று அறிந்தவர்களும் கண் கலங்குவதைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். கதாபாத்திரத்தின் அழுகை அங்கே ஊரின் அழுகையாகிவிடுகிறது. ஆகவே ‘நான்’ கதாபாத்திரத்தினுடையது என்பதற்காகத் திரைப்பாடலைக் குறைத்து மதிப்பிட முடியாது. மறுபுறம், திருவண்ணாமலை அருணகிரிநாதரும் மூப்பையும் நோயையும் மோகத்தையும் தம்மீதே ஏற்றித் திருப்புகழில் பாடினார். ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அது நிற்கிறது.

காட்பாடி மூத்தவர்:
திருப்புகழ் நிற்பதற்குக் காரணம் உண்டு. எவ்வளவு சொந்தத் துயரைச் சொன்னாலும் பாடல் முருகனிடம் போய் நிற்கிறது. அங்கே ‘நான்’ என்னும் இடம் காலியாகிறது, அடுத்துப் பாடுபவர் அதில் அமர்ந்துகொள்கிறார். ஒப்பாரியிலும் பெயரை மாற்றினால் அடுத்த வீட்டுக்குப் பொருந்தும். ராப்பில் அந்தக் காலி இடம் எங்கே இருக்கிறது? பிறர் எடுத்துப் பாட இயலாததைப் பாட்டென்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

அரக்கோணத்துப் பேத்தி:
‘என்ஜாய் எஞ்சாமி’யிலேயே இருக்கிறது, ஐயா. மரம் வளர்த்து, தோட்டம் வைத்து, அந்தத் தோட்டம் செழித்த பின்னும் தன் தொண்டை நனையவில்லை என்று ஒரு குரல் சொல்கிறது. பிறர் நிலத்தில் உழைத்தவர் எவரும் அந்த ‘நானில்’ அமரலாம். ஏரியும் குளமும் நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும்கூடச் சொந்தம் என்று சொல்லும் பாட்டைத் தற்பேச்சு என்று எப்படி ஒதுக்குவது?

காட்பாடி மூத்தவர்:
தொண்டை நனையாத அந்த வரிகளை ஏற்கிறேன், அம்மா. என் முதற்கருத்தில் அந்த அளவுக்குப் பிழை இருந்தது. ஆனால் அவை ஒப்பாரி மெட்டில் வருகின்றன. மூச்சு விடாமல் சொல்லடுக்கும் ராப் பகுதிகளைப் பற்றியே நான் கேட்கிறேன். அவற்றை என்னால் உடன்பாட முடியவில்லை.

செய்யாறு கூத்து ரசிகர்:
‘தத்தத்தன தத்தத் தனதன’ என்ற சந்தத்தில் ஓடும் ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்ற திருப்புகழ்ப் பாடலையும் முதல் முறை கேட்டவர் எவரும் உடன்பாடியிருக்க முடியாது, ஐயா. உங்கள் காட்பாடிக்கு அருகிலுள்ள வள்ளிமலையில் வாழ்ந்த சச்சிதானந்த சுவாமிகள்தாம், டிசம்பர் 31 அன்று திருத்தணி மலையில் படிதோறும் திருப்புகழ் பாடி ஏறும் வழக்கத்தைத் தொடங்கினார். இன்று அந்தக் கடுஞ்சந்தங்களைக் கூட்டமாகப் பாடிக்கொண்டு படியேறுகிறவர்களில் பலர் இசை பயிலாதவர்கள். கேட்டுக் கேட்டே கற்றவர்கள்.